மாத்தளை வீதியும் பின்னச்சின் பற்சில்லும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 200 மைல் நீளமுடையது. ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, மிகுந்தலை என்னும் இடங்களினூடாகத் தம்புள்ளை வரை வரும் அதன் பெரும்பகுதி சமவெளியிலேயே கிடக்கின்றது. தம்புள்ளைக்குத் தெற்கே நாவுல, நாலந்தா ஆகிய ஊர்களைக் கடக்கையில் நிலம் மெல்ல உயரத் தொடங்கும். மாத்தளை நகர் கடல்மட்டத்தின் மேல் ஏறத்தாழ 1,200 அடியிலும், கண்டி ஏறத்தாழ 1,600 அடியிலும் உள்ளன. இவ்விரண்டுக்கும் வேற்றுமை 400 அடிதானே என்று எண்ணுதல் தவறாகும். இடையே பலகடுவைக் கணவாய் குறுக்கிடுகின்றது. வளைந்து வளைந்து அதன்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கியே கண்டியை அடைதல் வேண்டும். வன்னிப் பெருவெளியிலே தடையின்றி ஓடிவந்த மோட்டார் வண்டி மாத்தளை மாவட்டத்துள் நுழைந்ததும் மூச்சிரைப்பதும், தோட்டத்துச் சரிவுகளிலே திறமையாக ஏறி இறங்கும் வண்டி வன்னியிலே வீண் இரைச்சலிட்டு ஓடுவதும் இவ்வீதியில் வண்டியோட்டினோர் நன்கறிந்தவை.

இதற்குக் காரணம் வண்டியின் பின்னச்சினுள் மறைந்திருக்கும் இரண்டு பற்சில்லுகளாம். அவற்றின் பல்லெண்ணிக்கையைத் தெரிந்தெடுத்தல் பொறியியலாளரின் தனி அலுவல் என்று நாம் விட்டுவிடுகின்றோம். ஆயின், மாத்தளை வீதியின் வரலாற்றோடு சேர்த்து நோக்குமிடத்து அது வெறும் பொறியியல் அன்று என்பது புலனாகும்.

இயந்திரம் நிமிஷத்துக்குச் சில ஆயிரம் முறை சுழல்வது. சில்லு அத்துணை விரைவாகச் சுழலலாகாது. ஆதலின், நடுத்தண்டின் நுனியிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சில்லு, கிரவுண் வீல் என்னும் பெரிய பற்சில்லைச் சுழற்றுமாறு அமைக்கப்பட்டுள்ளது. கராஜ்களில் இவ்விரண்டையும் சேர்த்துக் 'கிரவுண் பினியன்' என்பர். பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுத்தால் வருவதே பின்னச்சின் விகிதம். 41 பல்லை 9 பல்லால் வகுக்க 4.55 வரும், அதாவது நடுத்தண்டு நாலரைச் சுற்றுக்குச் சிறிது மேலாகச் சுழன்றால் சில்லு ஒருமுறை சுழலும். விகித எண் பெருகப் பெருக இழுவை மிகும், வேகங் குறையும். (எண் பெரிதானதைத் 'தாழ்ந்த கியர்' என்றும், சிறிதானதை 'உயர்ந்த கியர்' என்றும் வழங்கும் தலைகீழான வழக்கு மாணவரை மயக்குவதுண்டு. இக்கட்டுரையில் எண்ணே கூறப்படும்.)

கணிதம் பயில்வோர்க்கு இன்பந்தரும் செய்தி ஒன்று இவ்வெண்களில் உண்டு. 41க்கும் 9க்கும் ஒன்றையன்றிப் பொதுக்காரணி இல்லை. 43க்கும் 8க்கும் இல்லை. 38க்கும் 9க்கும் இல்லை. பழைய போர்ட் 'ரி' வண்டியின் 40க்கும் 11க்கும் இல்லை. இது தற்செயலன்று. பொதுக்காரணி இருப்பின் சிறுசில்லின் ஒரு பல் என்றும் பெருஞ்சில்லின் அதே சில பற்களையே சந்திக்கும். ஒன்றிலுள்ள குறை அவற்றையே தேய்த்துக் கெடுக்கும். பொதுக்காரணி இல்லாதபோது ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் முறையே சந்திக்க, தேய்வு சமமாகப் பகிரப்படும். அதனாலேயே 4 அல்லது 5 என்னும் முழு விகிதங்கள் அரிதாகவும், வாயில் நுழையாத பின்னங்கள் மலிந்தும் காணப்படுகின்றன.

இனி வீதியை நோக்குவாம். கண்டியரசர் காலத்திலே மலைநாட்டுக்கு அகன்ற வழிகள் இருக்கவில்லை. காடும் கணவாயுமே அரசின் மதில்களாக விளங்கின. பொருள்கள் பொதிமாடுகளின் முதுகில் ஏறி இறங்கின. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்தபோது மாத்தளையிலே மக்டவல் கோட்டையை அமைத்தனர். அதே ஆண்டில் அதனைக் கைவிட்டுத் திருகோணமலைக்கு ஓடவும் நேர்ந்தது. 1815இல் கண்டி அவர்கள் வசமான பின்னர், வழியின்றி ஆட்சியில்லை என்பதை உணர்ந்து வீதியமைப்பிலே முனைந்தனர். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே (1824–1831) இம்முயற்சி வேகம் பெற்றது. பின்னர் மேஜர் தோமஸ் ஸ்கின்னர் நெடுங்காலம் அதனை நடத்தினார்.

மலைவீதி நேராக ஏறுவதில்லை. பத்தடிக்கு ஓரடி உயரும் வழியை இருபதடிக்கு ஓரடியாகத் தணிக்க வேண்டின் அதன் நீளத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இழுக்கும் விசை பாதியாகும். நடக்கும் தூரம் இருமடங்காகும். பற்சில்லு செய்வதும் இதுவேயன்றோ? விசையைக் குறைத்துச் சுற்றுகளைக் கூட்டுகின்றது. கொண்டையூசிபோல் வளைந்து ஏறும் வீதி, மண்ணில் வெட்டப்பட்ட ஒரு பற்சில்லே எனலாம். பின்னச்சு தோன்றுவதற்குப் பல பத்தாண்டு முன்னரே மாத்தளை வீதியிலே விகிதம் தெரிந்தெடுக்கப்பட்டுவிட்டது. இருமடங்கு நீளத்தை வெட்டுவதற்கு ஏறக்குறைய இருமடங்கு கைகளும் வேண்டியிருந்தன. அக்கைகள் யாருடையவை என்னும் வினா இங்கே எழுகின்றது.

1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச்சட்டம் அதற்கு விடை கூறிற்று. வயது வந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதியில் வேலைசெய்தல் வேண்டும். இயலாதவர் மூன்று ஷில்லிங் கட்டுதல் வேண்டும். டொறிங்டன் தேசாதிபதியின் ஏனைய வரிகளோடு இதுவுஞ் சேர்ந்து மக்களைக் கொதிப்படையச் செய்தது. அவ்வாண்டு யூலை 28ஆம் நாள் தம்புள்ளையில் கொங்காலகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். அங்கிருந்து மாத்தளை நோக்கிப் புறப்பட்ட கூட்டம் இன்று பஸ் வண்டிகள் செல்லும் திசையிலேயே சென்றது. புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பாடநூல்கள் இக்கிளர்ச்சியை வரிகளின் வரலாறாகவே கூறிச் செல்கின்றன. வீதியின் சரிவைத் தணிக்கும் உழைப்பை யார் தலையிற் சுமத்துவது என்னும் பூசலும் அதனுள் அடங்கியிருந்தமை போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை.

இவ்வீதிக்கு வேறொரு கடனும் உண்டு. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர்க்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை. அவர் பறித்த கோப்பியை ஏற்றிய மாட்டுவண்டிகளுக்குப் பற்சில்லு ஏது? ஏற்றம் கடினமாயின் துணைமாடு பூட்டுவர். இறக்கம் கடினமாயின் சில்லுக்குக் கட்டை போடுவர். 1880ஆம் ஆண்டு ஒக்டோபரில் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் நெடுந்தூரப் பாரம் இருப்புப்பாதைக்கு மாறிற்று. இறத்தோட்டை, கம்மடுவை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நிலையம் வரையுள்ள சரிவுகள் மட்டும் மாடுகளுக்கே எஞ்சின.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வந்தது. உலகெங்கும் பரவிய போர்ட் 'ரி' வண்டியின் பின்னச்சு விகிதம் 3.64. அதற்கு முன்னோக்கிய கியர்கள் இரண்டே. பெற்றோல் தன் பாரத்தாலேயே இயந்திரத்துக்கு வழிந்து வருமாறு அமைந்திருந்தமையால், செங்குத்தான ஏற்றத்தில் தாங்கியில் எண்ணெய் குறைந்திருப்பின் இயந்திரம் பட்டினி கிடக்கும். பின்னோக்கிய கியரின் விகிதமோ முன்னோக்கிய தாழ்கியரினும் பெரிது. ஆகவே பல நாடுகளில் மலையேறுவோர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே ஏற்றினர். நகைப்புக்கிடமாகத் தோன்றினும் இது முற்றிலும் அறிவார்ந்த தீர்வே. அதே தொழிற்சாலையார் பாரவண்டிக்கென வெளியிட்ட 'ரிரி' என்னும் வகையிலே பின்னச்சு விகிதம் 7.25 ஆகும், விரைந்து செல்ல விரும்புவோர்க்கு 5.17 கிடைத்தது. ஒரே இயந்திரம், மக்களை ஏற்றும்போது 3.64, மூட்டைகளை ஏற்றும்போது அதன் இருமடங்கு. பிற்காலத்து லொறிகள் சிலவற்றில் ஈற்றன் நிறுவனத்தின் இருவேக அச்சு பொருத்தப்பட்டது. அதனால் சாரதி தன் இருக்கையிலிருந்தவாறே ஒரு விகிதத்தினின்று மற்றதற்கு மாறக்கூடியதாயிற்று.

இனி நம் நாட்டவர் யாவரும் அறிந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர், வைத்தியர், தோட்டத்து உத்தியோகத்தர், வாடகைக் கார் ஓட்டுநர் ஆகிய பலர் இல்லங்களிலும் இடம்பெற்ற வண்டி அது. உடல் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, அதன் பின்னச்சு மட்டும் மும்முறை மாறிற்று. 1948இல் வெளிவந்த முதல் வகை 918 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையும் 4.55 விகிதத்தையும் உடையது. 1952இல் 803 கன சென்ரிமீற்றர் கொண்ட சிறிய, ஆனால் நவீன இயந்திரம் புகுத்தப்பட்டபோது விகிதம் 5.3 அளவுக்கு உயர்த்தப்பட்டுப் பின்னர் 5.375இல் நின்றது. 1956இல் வந்த 'மைனர் 1000' வண்டியில் இயந்திரம் 948 ஆகப் பெருக, விகிதம் மீண்டும் 4.55 ஆயிற்று. 1962இல் இயந்திரம் 1098, விகிதம் 4.22.

ஆங்கிலேய எழுத்தாளர் பலர் 803 இயந்திரமுள்ள மைனரைச் சோம்பேறி என இகழ்வர். நீண்டு நிமிர்ந்த வீதிகளில் நின்று பார்ப்பவர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. பலகடுவையில் நின்று பார்த்தால் கணக்கு வேறு. 803 இயந்திரத்தின் உச்ச முறுக்குவிசை 40 இறாத்தல்-அடி. அதன் மூன்றாம் கியர் 1.679. இவற்றை 5.375 ஆற் பெருக்கினால் பின்னச்சில் ஏறத்தாழ 361 இறாத்தல்-அடி கிடைக்கும். 948 இயந்திரத்தின் முறுக்குவிசை 50; மூன்றாம் கியர் 1.412, விகிதம் 4.55. பெருக்கினால் 321 மட்டுமே. இயந்திரம் பெருத்தது, மூன்றாம் கியரிலே இழுவை குறைந்தது! 1098 இயந்திரத்துக்கு 60ஐ 1.412 ஆலும் 4.22 ஆலும் பெருக்க 357 வரும். அதாவது, இகழப்பட்ட 803 மூன்றாம் கியரிலே கொடுத்த இழுவையை எட்டிப்பிடிக்க அத்தொழிற்சாலைக்குப் பத்தாண்டும் ஏறத்தாழ 300 கன சென்ரிமீற்றரும் வேண்டியிருந்தன.

இவ்விழுவைக்குக் கொடுத்த விலை வேகமே. உச்ச முறுக்குவிசை கிடைக்கும் சுற்றிலே, மூன்றாம் கியரில் 803 வண்டி மணிக்கு ஏறத்தாழ 18 மைல் வேகத்தில் ஏறும். 1098 வண்டியோ ஏறத்தாழ 28 மைல் வேகத்தில் ஏறும். நால்வரும் பெட்டிகளும் ஏறிய சிறுவண்டிக்கு, கொண்டையூசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் வழியில் 28 மைல் எங்கே வாய்க்கப்போகின்றது? வளைவுக்கு வளைவு வேகந் தணிந்து, மீண்டும் இழுத்தெழும்ப வேண்டிய வீதியிலே 18 மைல் வேகத்தில் இயந்திரம் தன் முழு விசையோடு நிற்பதே மேலானது. மேற்கியரில் நோக்கினால் நிலைமை மாறும். அங்கே பெருக்குத்தொகைகள் முறையே 215, 227, 253. தம்புள்ளையிலிருந்து வடக்கே செல்வோர்க்கு 1098 வண்டியே சிறந்தது என்பதில் ஐயமில்லை. மணிக்கு 50 மைல் வேகத்தில் 5.375 விகிதமுள்ள வண்டியின் இயந்திரம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3,900 முறை சுழல, 4.22 விகிதமுள்ளது 3,100 முறையே சுழலும். வவுனியாவைக் கடப்பதற்குள் இவ்வேற்றுமை காதுக்கும் எண்ணெய்ச் செலவுக்கும் நன்கு விளங்கும்.

ஆகவே 'மலைக்குப் பெரிய எண், வெளிக்குச் சிறிய எண்' என்று கராஜ்களிற் கூறப்படும் விதி பாதியளவே உண்மை. பின்னச்சு தனித்து நின்று எதனையும் தீர்மானிப்பதில்லை. இயந்திரத்தின் முறுக்குவிசை, கியர்ப்பெட்டியின் இடைவெளிகள், டயரின் சுற்றளவு, ஏற்றும் பாரம் ஆகியவற்றோடு பெருக்கப்பட்ட பின்னரே அதன் எண்ணுக்குப் பொருளுண்டு.

இறக்கத்தையும் மறத்தலாகாது. ஏற்றத்திலே தவறான விகிதம் வண்டியை நிறுத்தும். இறக்கத்திலே அது வண்டியை நிறுத்தவிடாது. காலை எடுத்ததும் இயந்திரம் சில்லை எதிர்த்து நிற்கும் விசை, அதே பற்சில்லுகளால் பெருக்கப்பட்டே சில்லை அடைகின்றது. 5.375 விகிதமுள்ள வண்டியை அது இறுகப் பிடிக்கும், 4.22 விகிதமுள்ளதைத் தளரப் பிடிக்கும். குறையைப் பிரேக் ஈடுசெய்ய வேண்டும். நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறினால் அதன் பிடி நழுவும். பாரம் ஏற்றிய லொறிக்கும், நிற்க இடமின்றி மக்கள் நெருங்கிய பஸ்ஸுக்கும் இது உயிர்ப்பிரச்சினை. ஏறிய கியரிலேயே இறங்கு என்னும் பழைய சாரதிகளின் உபதேசம் இக்கணக்கை எழுதாமல் அறிந்தவர்களின் வாக்காகும்.

பந்தய வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். இங்கிலாந்தில் ஷெல்ஸ்லி வோல்ஷ் என்னுமிடத்தில் 1905 முதல் மலையேற்றப் போட்டி நடைபெறுகின்றது. 1,000 யார் நீளத்தில் 328 அடி உயரும் வழி அது. நம் நாட்டில் நுவரெலியாவின் மககஸ்தொட்டை மலையேற்றம் 1934இல் தொடங்கியது. இத்தகைய போட்டியிலே உச்ச வேகம் பெரும்பாலும் பயனற்றது. வழியில் எட்டக்கூடிய மிகுந்த வேகத்திலே இயந்திரம் தன் உச்ச பரிவலுவைத் தரும் சுற்றில் இருக்குமாறு விகிதத்தை அமைப்பதே திறமை. அதற்கு மேலான வேகத்துக்கு அமைக்கப்பட்ட விகிதம், வராத விருந்தினருக்குச் சமைத்த சோறு போல வீணாகும். எம்.ஜி. நிறுவனத்தின் விளையாட்டு வண்டிகளில் போருக்குப் பிந்திய ரி.சி. வகை 5.125 உடையது, 1953இல் வந்த ரி.எவ். 4.875, 1955இல் வந்த எம்.ஜி.ஏ. 4.3. மேனி காற்றைக் கிழிக்குமாறு மெலிய, எண்ணும் இறங்கிக்கொண்டே வந்தது. ஆயினும் எம்.ஜி.ஏ. வாங்கியோரில் மலையேற்றத்தை விரும்பியவர் 4.55 விகிதத்தைத் தனியே கேட்டுப் பெறக்கூடியதாயிருந்தது. அண்மைக்கால வண்டி வேகமானது என்னும் எண்ணம், எவ்வீதியில் என்னும் வினாவின்றிப் பொருளற்றது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இங்கிலாந்தில் விகிதம் விலைப்பட்டியலைப் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டது. இலங்கையிலே அவ்வசதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி ஒடுக்கப்பட, புதிய வண்டியும் உதிரிப் பாகங்களும் அரிதாயின. பின்னச்சு உடைந்தவன் தன் வண்டிக்குரியதைத் தேடவில்லை, கிடைத்ததைப் பொருத்தினான். மைனரின் பின்னச்சுக் கூட்டினுள் அதன் பல காலத்துக் கிரவுண் பினியன்களும், ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் விளையாட்டு வண்டியினதும் பொருந்தத்தக்கவை. அதனால் 803 இயந்திரமுள்ள வண்டியினுள் 4.22 புகுதலும், 1098 வண்டியினுள் 5.375 புகுதலும் கூடும். முன்னதன் மூன்றாம் கியர்ப் பெருக்குத்தொகை 361இலிருந்து 283 ஆக வீழும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று அதனைக் கழற்றிப் பார்ப்பவன் வீண்செலவு செய்கின்றான். 1990களில் இலங்கையிலேயே மைனர் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சி ஒன்று நடைபெற்றது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி மீண்டும் தடைப்பட்டிருந்தபோது பழைய வண்டிகளின் மதிப்பு மறுபடியும் உயர்ந்தது.

வண்டியினுள் எந்த விகிதம் இருக்கின்றதென்பதை, கூட்டைப் பிரியாமலே அறியலாம். பின்சில்லுகளில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, மற்றது நிலத்திற் பதிந்திருக்க, முன்சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரை நடுநிலையில் விடவேண்டும். டயரிலும் நடுத்தண்டிலும் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, உயர்த்திய சில்லைச் சரியாக இருமுறை சுழற்ற வேண்டும். ஒரு சில்லு அசையாதிருக்க மற்றது இருமுறை சுழன்றால் கிரவுண் வீல் ஒருமுறை சுழலும் என்பது டிபரென்ஷலின் இயல்பு. அப்போது நடுத்தண்டு சுழலும் சுற்றுகளே விகிதம். ஐந்தும் எட்டில் மூன்றும் எனில் 43க்கு 8. நாலரைக்குச் சற்று மேல் எனில் 41க்கு 9. நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு எனில் 38க்கு 9.

இதனைச் சோதியாது விடுவதில் வேறோர் இடரும் உண்டு. மைனரின் வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து இயங்குவது. பின்னச்சு மாறியதை அது அறியாது. 5.375க்கென அளவிடப்பட்ட வேகமானியையுடைய வண்டியில் 4.22 பொருத்தப்பட்டிருந்தால், பலகடுவையிலிருந்து மாத்தளைக்கு இறங்குகையில் முள் 40 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 51 மைல் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்.